ஆடை காத்த வெள்ளி

உரைநடை உலகம்

நுழையும் முன்

தைக்கப்படாத நீள்துணி உடலில் நழுவாமல் நிற்க வேண்டுமெனில், ஏதேனும் ஒன்று அதனைப் பிடித்து நிறுத்த வேண்டும். முடிச்சும் செருகலும் அதனைச் செய்தன. உலகின் பல பகுதிகளில் அப்பணியை அணிகலன்களும் ஏற்றன. அவற்றுள் பெரும்பாலானவை வெள்ளியால் ஆனவை. ஆடையைத் தாங்கிய அந்த அணிகள், அவற்றை அணிந்த பெண்ணின் சேமிப்பாகவும் விளங்கின. ஆடைத் தொழிலால் உலகறிந்த திருப்பூரிலிருந்து அவ்வணிகளின் வரலாற்றை நோக்குகிறது இப்பாடம்.

வளையலில் தொங்கும் ஊக்கு

திருப்பூரின் காலைப் பேருந்துகளில் பின்னலாடை நிறுவனங்களுக்குச் செல்லும் பெண்களின் கைகளை நோக்கினால் ஒரு காட்சி புலப்படும். சிலரது வளையலில் ஓரிரண்டு ஊக்குகள் கோக்கப்பட்டிருக்கும். சிலர் அவற்றைத் தாலிக்கொடியில் மாட்டியிருப்பர். சேலையின் முந்தானை சரிந்தாலோ, இரவிக்கையின் கொக்கி அறுந்தாலோ உடனே உதவுவது அந்த ஊக்குதான். அதன் விலை மிகச் சிறிது. தொலைந்தால் எவரும் தேடுவதில்லை.

ஊக்கின் வடிவம் பழமையானது. வளைந்த கம்பி, அதன் விசை, கூர்முனையை மறைக்கும் தலை ஆகிய மூன்றும் கொண்ட இன்றைய ஊக்கிற்கு அமெரிக்கரான வால்டர் ஹன்ட் 1849ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை அவர் 400 டாலருக்கு விற்றுவிட்டார். ஆனால், விசையுள்ள கம்பியால் ஆடையை இணைக்கும் எண்ணம் அவருக்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் முந்தியது. அந்நெடுங்காலத்தில் ஊக்கு, மலிவான கருவியாக மட்டும் இருக்கவில்லை. உடுத்தியவர் பெருமையோடு வெளியே தெரியும்படி அணிந்த கலனாகவும் இருந்தது. முற்காலத்தில் அணிகலன் ஆடையைப் பிடித்தது. இன்றோ ஆடையைப் பிடிக்கும் ஊக்கினை அணிகலன் சுமக்கிறது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

பூண் என்னும் சொல்

தமிழில் பூண் என்பதற்கு அணிகலன் என்பது பொருள். உலக்கையின் நுனியில் இடப்படும் இரும்பு வளையத்திற்கும் பூண் என்றே பெயர். உலக்கையின் மரம் பிளவுபடாமல் இறுகப் பிடிப்பது அதன் பணி. கைத்தடியின் அடியில் பொருத்தப்படும் உலோக வளையமும் பூண்தான். உடலை அழகுசெய்யும் பொருளையும் ஒன்றைக் கட்டிக் காக்கும் பொருளையும் தமிழர் ஒரே சொல்லால் வழங்கியது எண்ணத்தக்கது.

அரைஞாண் என்னும் சொல்லும் இத்தகையதே. அரை என்பது இடை. ஞாண் என்பது கயிறு. பேச்சுவழக்கில் அரணாக்கொடி எனத் திரிந்து வழங்கும் இவ்வணி, பருத்திக் கயிறாகவும் வெள்ளிக் கொடியாகவும் இன்றும் கிடைக்கிறது. உழவரின் கோவணத்தை இடையில் தாங்கியது இதுவே. பெண்குழந்தைகளுக்கு இக்கொடியில் அரசிலை வடிவ வெள்ளித் தகடு ஒன்றைக் கோப்பர். அதற்கு அரைமூடி என்று பெயர். ஆடை உடுத்தும் பருவத்திற்கு முன்பே ஆடைக்கு மாற்றாக நின்ற அணி அது.

இடை என்னும் எல்லை

பொன்னை இடைக்குக் கீழே அணிவதில்லை என்பது தமிழகத்தில் பரவலாக உள்ள வழக்கம். கொலுசு, தண்டை, மெட்டி ஆகியன வெள்ளியில் அமைவது இதனால்தான். பொன்னுக்கும் வெள்ளிக்கும் இடையே உடலில் ஓர் எல்லை உண்டெனில், அது இடையே ஆகும். செல்வர் வீட்டில் ஒட்டியாணம் பொன்னில் அமைந்தது. ஏனையோர் வெள்ளியில் செய்துகொண்டனர்.

பழந்தமிழ் நூல்களும் நிகண்டுகளும் இடையணிகளை வடங்களின் எண்ணிக்கையால் வேறுபடுத்துகின்றன. பதினாறு வடம் கொண்டது கலாபம். பதினெட்டு வடம் கொண்டது பருமம். முப்பத்திரண்டு வடம் கொண்டது விரிசிகை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி பூந்துகிலின்மேல் முப்பத்திரண்டு வட முத்தணியை அணிந்த செய்தி கூறப்படுகிறது. மென்துகிலின்மேல் படிந்த அவ்வடங்கள் அழகுக்கு மட்டுமன்றி, துகில் நெகிழாமல் காப்பதற்கும் துணைநின்றிருக்கும்.

தமிழகத்தில் பரவலாக இருந்த பின்கொசுவக் கட்டில், சேலையின் மடிப்புகள் இடையின் பின்புறம் செருகப்பட்டு விசிறிபோல் விரியும். நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு அம்மடிப்புகள் கலையாதிருப்பது இன்றியமையாதது. முறுக்கிச் செருகிய துணியின் பிடிப்பே முதற்காவல். அதன்மேல் சுற்றிய இடையணி இரண்டாம் காவல். குடும்பத் தலைவியின் இடையில் செருகப்பட்ட வெள்ளிச் சாவிக்கொத்தும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. அன்னமோ மயிலோ பொறித்த அதன் தட்டையான கொக்கி, சேலையின் இடைமடிப்பைக் கவ்வி நிற்கும். அதன் கீழுள்ள வளையத்தில் வீட்டின் சாவிகள் தொங்கும். வீட்டின் பொறுப்பு எவரிடம் உள்ளது என்பதை அதன் ஒலியே உணர்த்தும்.

நொய்யல் கரையில் வெள்ளி

திருப்பூரின் ஊடே ஓடும் நொய்யல், ஆடைக்கும் அணிக்கும் உள்ள உறவை நெடுங்காலமாக அறியும். அதன் கரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் அமைந்துள்ளது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கி நடத்திய அகழாய்வுகள் அவ்வூரின் தொழில்வளத்தை வெளிக்கொணர்ந்தன. இரும்பு உருக்கிய உலைகளும், அரிய கல்மணிகள் செய்யப்பட்ட தடயங்களும், நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் தக்களிகளும் அங்குக் கிடைத்தன. ஆடைக்கான நூலும் அணிக்கான மணியும் ஒரே ஊரில் உருவாயின. பதிற்றுப்பத்து நல்ல அணிகலன்களோடு சேர்த்துப் போற்றும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. மணிகளுக்கு ஏற்ற பச்சைக்கல், காங்கயத்தை அடுத்த படியூர்ப் பகுதியில் கிடைத்தது.

மணியும் நூலும் இங்கு உண்டு. வெள்ளியோ வெளியிலிருந்து வணிகத்தின் வழியாக வந்தது. நொய்யல் கரையிலேயே, கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளில் உரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்கள் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையையும் கருவூரையும் இணைத்த பெருவழி அது. அக்காசுகள் இங்குப் பெரிதும் உலோக மதிப்புக்காகவே ஏற்கப்பட்டன.

அக்காசுகளை அச்சிட்ட உரோமர்கள் ஆடையைத் தோளில் இணைக்கும் அணி ஊக்கினை ‘ஃபிபுலா’ என்றழைத்தனர். கிரேக்கப் பெண்டிரின் ‘பெப்லோஸ்’ என்னும் உடை, இரு தோள்களிலும் ஊசிகளால் இணைக்கப்பட்டது. அவர்களது ஆடை தோளில் தொங்கியது. ஆதலால் பிடிப்பும் தோளில் அமைந்தது. தமிழரின் ஆடை இடையைச் சுற்றியது. ஆதலால் அணியும் இடையைச் சுற்றி அமைந்தது. துணி எங்கே நழுவுமோ, அங்கே அணி காவலாக நின்றது.

தெரிந்து தெளிவோம்

தூய வெள்ளி ஏறத்தாழ 962 பாகை செல்சியசில் உருகும். அது மிக மென்மையானது, ஆதலால் 92.5 பங்கு வெள்ளியுடன் 7.5 பங்கு செம்பு முதலிய உலோகம் சேர்ப்பது வழக்கம். வெள்ளியைத் துளையச்சு வழியே கம்பியாக இழுத்தாலோ சுத்தியலால் தட்டினாலோ அது விறைப்படையும். மீண்டும் காய்ச்சினால் இளகும். ஊசிக்கும் கொக்கிக்கும் வேண்டிய விசை அவ்விறைப்பிலிருந்தே கிடைக்கிறது. அதனால், இறுதியாகத் தட்டிய ஊசியைக் கொல்லர் மீண்டும் உலையில் இடுவதில்லை.

மலையிலும் பாலையிலும்

குளிர்மிகுந்த இமாச்சலப் பிரதேசத்தின் குல்லூப் பள்ளத்தாக்கில் பெண்கள் ‘பட்டூ’ என்னும் கம்பளி ஆடையை உடலைச் சுற்றி உடுத்துகின்றனர். பெயர் ஒலியில் ஒத்திருப்பினும் இது பட்டாடை அன்று. ஆட்டு மயிரால் நெய்யப்பட்ட தடித்த துணி. இதனை இரு தோள்களுக்கு அருகிலும் வெள்ளி ஊசிகளால் குத்தி இணைப்பர். அவ்விரு ஊசிகளையும் ஒரு சங்கிலி இணைக்கும். இவ்வணியின் பெயர் ‘பும்னி’. அண்டையிலுள்ள கின்னௌர்ப் பெண்களின் வெள்ளி ஊசி ‘டிக்ரா’ எனப்படுகிறது. தடித்த கம்பளியில் சிறிய முடிச்சு நிற்காது. ஆதலால் அங்கு நீண்ட ஊசி தேவைப்பட்டது.

வட ஆப்பிரிக்காவின் அமாசிக் இனப் பெண்களும் தைக்காத ஆடையை இரு தோள்களிலும் வெள்ளி ஊக்குகளால் இணைத்தனர். மொராக்கோவின் திஸ்னித் நகர் இவ்வணிகளுக்குப் புகழ்பெற்றது. முக்கோணத் தகடும் அதன்கீழ் நீண்ட ஊசியும் கொண்ட அவ்விணை அணியையும் ஒரு சங்கிலியே இணைக்கிறது. குல்லூவுக்கும் மொராக்கோவுக்கும் நேரடித் தொடர்பு வேண்டியதில்லை. இரண்டு தோள்களும் ஒரு துணியும் இருக்குமிடத்தில் கைவினைஞர் ஒரே விடையை அடைந்திருக்கலாம்.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் பெண்கள் போர்வையை இணைத்த ஊசிக்குத் ‘தூபு’ என்று பெயர். சிலி நாட்டின் மபூச்சே மக்களிடையே, வணிகத்தில் கிடைத்த இசுபானிய வெள்ளிக்காசுகளைக் கொல்லர் உருக்கி இத்தகைய அணிகளாக ஆக்கினர். சந்தையில் கைமாறிய காசு, பெண்ணின் தோளில் ஆடையைத் தாங்கும் கலனாயிற்று.

மலாக்காவில் தாயும் சேய்களும்

தமிழ்மரபோடு தொடர்புடைய சான்று ஒன்று கடல் கடந்து உள்ளது. மலேசியாவின் மலாக்கா நகரில் வாழும் மலாக்காச் செட்டிகள், பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்குச் சென்ற தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். அங்குள்ள பெண்களை மணந்து அங்கேயே வேரூன்றிய இவர்கள் மலாய் மொழி பேசுகின்றனர். எனினும் சைவ வழிபாட்டைக் கைவிடவில்லை. 1781ஆம் ஆண்டு கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் கோயில் அவர்களது மரபின் அடையாளமாக இன்றும் திகழ்கிறது.

இச்சமூகப் பெண்களின் மரபுடை சாரோங்கும் கெபாயாவும் ஆகும். கெபாயா என்பது முன்புறம் திறந்த நீள்சட்டை. மரபான கெபாயாவில் பொத்தான் இல்லை. அதன் இரு விளிம்புகளையும் இணைப்பது ‘கெரோசாங்’ என்னும் மூன்று அணி ஊக்குகளின் தொகுதி. அவற்றுள் பெரியதைத் தாய் என்றும் ஏனைய இரண்டைப் பிள்ளைகள் என்றும் பொருள்படும் மலாய்ச் சொற்களால் வழங்குகின்றனர். கெபாயா அணியும் பெரனாக்கான் சமூகத்தாரிடையே, விழாக்காலத்தில் பொன்னும் வைரமும் பதித்த கெரோசாங் விளங்கும். துயர்காக்கும் நாள்களில் அவற்றை நீக்கி வெள்ளியும் முத்தும் அணிவர். ஆடையை மூட வேண்டிய தேவை இரு வேளையிலும் ஒன்றே. உலோகம் மட்டுமே மனநிலையை அறிவித்தது. சேலையைச் செருகியுடுத்திய மரபினர், புதிய நிலத்தின் உடையை ஏற்றபோது அதற்குரிய அணியையும் ஏற்றுத் தமதாக்கிக் கொண்டனர்.

அணியும் உரிமையும்

ஆடை தாங்கிய அணிகள் பல நிலங்களிலும் வெள்ளியில் அமைந்தமைக்கு அதன் அழகு மட்டுமே காரணமன்று. பொன்னினும் மலிவான வெள்ளியை எளிய குடும்பத்தாரும் சிறிது சிறிதாகச் சேர்க்க இயலும். நிலமும் வீடும் ஆடவர் பெயரில் இருந்த காலத்தில், பெண் தனக்கென வைத்துக்கொள்ள முடிந்த செல்வம் அவளது உடலில் இருந்த அணியே. விளைச்சல் பொய்த்த ஆண்டில் அவ்வணி அடகுக்கடைக்குச் சென்றது, நல்விளைச்சலில் மீண்டது. மீளாமற்போனதும் உண்டு.

பெண்ணுக்குத் திருமணத்தின்போது அளிக்கப்படும் அணிகலன்களை அவளது தனியுடைமையாகவே மரபுச் சட்டங்கள் கருதின. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண்ணின் உடைமைமீது அவளுக்கு முழு உரிமை உண்டென வரையறுத்தது. கணவர் வீட்டாரிடம் இருந்தாலும் அவளது சீதனம் அவளுக்கே உரியது என 1985இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உரிமை ஏட்டில் இருப்பது ஒருநிலை. கையில் இருப்பது மற்றொரு நிலை. இடையில் பூண்ட வெள்ளி, ஏட்டின் துணையின்றியே அவள் கையில் இருந்த உடைமையாகும்.

ஆடை காத்த அணிகள் குறைவாகவே எஞ்சியிருப்பதற்கும் இம்மதிப்பே காரணம். மண்பானை உடைந்தால் ஓடு மிஞ்சும். வெள்ளியணி பழுதானால் மூசையில் இட்டு உருக்கப்படும். பாட்டியின் இடையணி பேத்தியின் கொலுசாகிறது. உலோகம் அழிவதில்லை; அதன் வடிவமும் பெயரும் அதனைப் பூட்டும் முறையும் அழிகின்றன. கொக்கியை எப்பக்கம் திருப்பினால் கழலும், திருகாணியின் புரி எங்கே தேயும் என்பன போன்ற கைப்பழக்க அறிவும் அவற்றோடு மறைகிறது.

பிடிப்பு இடம்பெயர்ந்த வரலாறு

துணி வெட்டித் தைக்கப்பட்டபோது, ஆடையைப் பிடிக்கும் வேலை அணியிலிருந்து கொக்கிக்கும் பொத்தானுக்கும் பல்லிணைப்பானுக்கும் சென்றது. பின்னலாடையில் அவ்வேலை துணிக்குள்ளேயே புகுந்தது. நெசவுத் துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பின்னல் துணியிலோ நூல் கண்ணிகளாக வளைந்து ஒன்றோடொன்று கோத்து நிற்கிறது. இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் சுருங்கும். தலைவழியே அணியும் பனியனுக்கு முடிச்சும் வேண்டா, ஊசியும் வேண்டா.

எனினும், திருப்பூரில் ஆடைக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை. குழந்தைகளின் ஆடையில் பொருத்தப்படும் அழுத்துப் பொத்தான் கழன்று வாய்க்குள் செல்லாதிருக்க, அதனை இழுவைக் கருவியில் மாட்டிச் சோதிக்கின்றனர். தோல் ஒவ்வாமையைத் தடுப்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் ஒரு நெறிமுறையை வகுத்தது. தோலோடு நெடுநேரம் உறவாடும் உலோகப் பொருளிலிருந்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாரத்தில் வெளிப்படும் நிக்கல் 0.5 மைக்ரோகிராமுக்கு மிகக்கூடாது என்பது அதன் வரம்பு. அவ்விதி கழுத்தணி, காதணி, வளையல் ஆகியவற்றோடு ஆடையின் உலோகப் பொத்தானையும் பல்லிணைப்பானையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. உடலைத் தொடும் உலோகம் என்ற வகையில் அணியும் பொத்தானும் ஓரினமே என்பதை இன்றைய சட்டமும் ஏற்கிறது. வெள்ளியை மட்டுமே தோலருகே நெடுநாள் அணிந்த மூத்தோர், அது கறுத்தால் பூந்திக்கொட்டை நீரில் தேய்த்து மீண்டும் பூண்டனர்.

உலகோர் உடுக்கும் ஆடையைத் தைக்கும் பெண், தன் கூலியில் சீட்டுப் பிடித்துக் கொலுசு வாங்குகிறாள். பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளையின் கட்டணத்திற்காக அதனை அடகு வைக்கவும் நேர்கிறது. வெள்ளி ஆடையைப் பிடிக்கும் பணியிலிருந்து விலகிவிட்டது. குடும்பத்தைப் பிடித்து நிறுத்தும் பணியிலிருந்து இன்னும் விலகவில்லை. அவள் வளையலில் தொங்கும் ஊக்கும் காலில் ஒலிக்கும் கொலுசும், ஒருகாலத்தில் ஒரே அணி ஆற்றிய இரு பணிகளைத் தனித்தனியே ஆற்றிவருகின்றன.

பழைய வெள்ளியை மாற்றுவது ஒரு குடும்பத்தின் தேவை; அதனைக் குறை கூற இயலாது. ஆயின், மாற்றும் முன் அதன் பெயரையும் எடையையும் அணிந்தவர் யார் என்பதையும் எழுதி, ஒரு படமும் எடுத்து வைப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். மூசையில் இட்டபின் அச்செய்திகளை எந்த அகழாய்வும் மீட்டெடுக்க இயலாது.

சொல்லும் பொருளும்

ஞாண் – கயிறு, நாண்
வடம் – கோவை, சரம்
துகில் – மெல்லிய ஆடை
கொசுவம் – சேலையின் மடிப்பு
மூசை – உலோகம் உருக்கும் சிறுகலம்
தக்களி – நூல் நூற்கும் கருவி
திருகாணி – புரியுள்ள ஆணி
பல்லிணைப்பான் – ஆடையின் இரு விளிம்புகளைப் பற்களால் இணைக்கும் கருவி

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள மூத்த பெண்களிடம் உரையாடி, அவர்கள் அணிந்த வெள்ளி அணிகளின் வட்டார வழக்குப் பெயர்களைத் தொகுக்க.
2. பழைய அணி ஒன்றின் படத்தை வரைந்து, அது பூட்டப்படும் முறையை ஐந்து தொடர்களில் விளக்குக.
3. ‘ஆடை மாறும்போது அணியும் மாறுகிறது’ என்னும் பொருளில் வகுப்பில் உரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. முப்பத்திரண்டு வடங்களைக் கொண்ட இடையணி
அ) கலாபம் ஆ) பருமம் இ) விரிசிகை ஈ) அரைஞாண்

2. பொருந்தாத இணையைக் கண்டறிக.
அ) பும்னி – குல்லூ ஆ) டிக்ரா – கின்னௌர் இ) கெரோசாங் – மலாக்கா ஈ) தூபு – மொராக்கோ

குறுவினா

1. ‘பூண்’ என்னும் சொல்லின் இரு பொருள்களை எழுதுக.
2. கம்பளி ஆடைக்கு நீண்ட ஊசி தேவைப்பட்டது ஏன்?

சிறுவினா

1. கிரேக்கப் பெண்டிரின் ஆடைப்பிடிப்பையும் தமிழ்ப் பெண்டிரின் ஆடைப்பிடிப்பையும் ஒப்பிடுக.
2. வெள்ளி அணிகள் குறைவாகவே எஞ்சியிருப்பதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா

ஆடையைப் பிடித்து நிறுத்தும் பணி முடிச்சிலிருந்து பின்னல் துணிவரை இடம்பெயர்ந்த வரலாற்றையும், அதனால் பெண்கள் பெற்றதையும் இழந்ததையும் உங்கள் நோக்கில் கட்டுரையாக எழுதுக.